எறும்புக்கோடு மறையும் இடம்

மாலை வகுப்புக்குக் கிளம்பும்முன், அன்றைய செய்திகளை அண்ணனின் தாளில் ஒட்டிவிட்டுப் போவது என் வழக்கம். அன்று இருந்தவை சாதாரணச் செய்திகள்தான். ரேஷன் அரிசி வந்துவிட்டது. செருப்பு வார் தைத்தாகிவிட்டது. கடல் இரண்டாம் படிவரை ஏறிவிட்டுத் திரும்பியது. இவற்றைக் கைத்திரையில் எழுதி நகலெடுத்துக்கொண்டு, சுவரில் விரிந்திருக்கும் தாளின் முன்னால் அவனை உட்காரவைப்பேன். அவன் ஒரு காலிக் கட்டத்தைப் பார்ப்பான். நான் எடுத்து வைத்திருக்கும் வரி அதன் ஓரத்தில் மங்கலாகத் தெரியும். படித்துவிட்டு, சம்மதம் என்றால் கண்ணை ஒருமுறை நிதானமாக மூடித் திறப்பான். வரி கட்டத்தில் ஒட்டிக்கொள்ளும்.

செருப்பு வாரைப் பார்த்ததும், இதையெல்லாமா எழுதுவது என்று கேட்டான். எழுதாவிட்டால் நாளைக் காலையில் அறுந்த செருப்பைத் தூக்கிக்கொண்டு தைக்கிறவரைத் தேடிப் போவாய் என்றேன். சிரித்துக்கொண்டே கண்ணை மூடித் திறந்தான்.

வெயில் காய்ச்சலில் பிழைத்தவர்கள் எல்லோரும் இப்படித்தான். காய்ச்சலுக்கு முந்தைய வாழ்க்கை முழுவதும் அவர்களிடம் பத்திரமாக இருக்கிறது. அதற்குப் பிந்தையது எதுவும் தூக்கத்தைத் தாண்டுவதில்லை. விடிந்ததும் சுவரிலுள்ள ஏற்றுப்பெட்டி, காதுக்குப் பின்னால் பதித்த வில்லை வழியாக, தாளிலுள்ள கட்டங்களை அவர்களுக்குள் ஏற்றிவிடும். பெனிட்டோ அண்ணன் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். இப்போதும் எந்தச் சுமைக்கு எந்தக் கம்பி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். நேற்று என்ன சாப்பிட்டான் என்பதற்குத்தான் சுவரைப் பார்க்க வேண்டும்.

எல்லோருடைய தாளிலும் முதல் வரி ஒன்றுதான்: வாய் சொன்னால் கேட்டுக்கொள், தாள் சொன்னால் நம்பு. ஆரம்ப வருடங்களில் மறந்தவர்களிடம் எதையெதையோ சொல்லி வீட்டையே எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதன்பிறகு வந்த சட்டப்படி, ஒருவர் தாளில் அவரும் அவருடைய கணவனோ மனைவியோ மட்டுமே நேரடியாக எழுதலாம். மற்றவர்கள் இடைப்பலகை வழியாகத்தான் வர வேண்டும். நகலெடு, காட்டு, சம்மதம் வாங்கு, ஒட்டு. இடைப்பலகை என்பது அரசாங்கம் வைத்த பெயர். தெருவில் அதற்கு இன்னும் கிளிப்போர்டு என்றுதான் பெயர்.

என் குழப்பம் ஒரே ஒரு கட்டத்தைப் பற்றியது. 'ரெஜினா' என்ற பெயருக்குப் பக்கத்துக் கட்டம்.

அண்ணன் மனைவி ரெஜினா மைனி போன மழைக்காலத்துக்கு முன்பே அண்ணனைப் பிரிந்து வால்பாறைக்குப் போய்விட்டாள். பிரிவுப் பத்திரமும் பதிவாகிவிட்டது. ஆனால் அந்தக் கட்டம், 'வேலைக்குப் போயிருக்கா, சாயங்காலம் வருவா' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அண்ணன் அதை நம்பினான். சாயங்காலமானால் மீனைப் பொரித்து, ஒரு தட்டால் மூடி வைத்துவிட்டு வாசலில் நிற்பான். தூக்கம் வரும்வரை காத்திருந்துவிட்டு, இன்றைக்கு வேலை அதிகம்போல என்று படுத்துவிடுவான். இதுகூடப் பரவாயில்லை என்று நான் விட்டுவைத்திருந்தேன்.

அப்போதுதான் மாநகராட்சி ஆட்கள் வந்தார்கள். எங்கள் தெருவைக் கடலுக்கு விடுவதாக முடிவாகிவிட்டது. மாதக் கடைசியில் மின்சாரம் நிற்கும். எல்லோருக்கும் மேட்டுக் குடியிருப்பில் வீடு தயார். மின்சாரம் நின்றால் ஏற்றுப்பெட்டியும் நிற்கும். அதற்கு அடுத்த காலையில் அண்ணன் கண் விழிக்கும்போது காய்ச்சலுக்குப் பிந்தைய எதுவும் அவனுக்குள் இருக்காது. தனக்குக் காய்ச்சல் வந்ததே தெரியாமல், முட்டளவு தண்ணீரில் துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்புவான்.

நான் மூட்டை கட்டினேன். மறுநாள் காலையில் அவன், யாரோ பாத்திரத்தையெல்லாம் சாக்கில் போட்டிருக்கிறார்களே என்று முனகிக்கொண்டே எல்லாவற்றையும் எடுத்து அடுக்கினான். வீடு மாறுகிறோம் என்று சொன்னால் மறுக்க மாட்டான். "ரெஜினா சாயங்காலம் வரட்டும். ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போவோம்" என்பான். மைனி வரமாட்டாள் என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். என்னை ஒருமுறை பார்த்தான், சுவரை ஒருமுறை பார்த்தான். நான் ஏதோ வருத்தத்தில் பேசுவதாக நினைத்து எனக்கு டீ போட்டுக் கொடுத்தான்.

ஆகவே அந்தக் கட்டத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்ற முடியவில்லை.

'ரெஜினா உன்னைப் பிரிந்து போய்விட்டாள், வரமாட்டாள்' என்று கைத்திரையில் எழுதி நகலெடுப்பேன். எடுத்த வரியைச் சுற்றிப் புள்ளிக்கோடு ஓடத் தொடங்கும். வகுப்பில் நாங்கள் அதை எறும்புக்கோடு என்போம். எறும்பு ஓடினால் கிளிப்போர்டில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். அண்ணன் கட்டத்தைப் பார்ப்பான். சுவரில் எதுவும் தெரியாது. ஒட்டும் குறி சாம்பல் நிறமாகிக் கிடக்கும். நான் நகலெடுக்கும்போது விரல் வழுக்கியிருக்கலாம் என்று நினைத்தேன். மெதுவாக எடுத்துப் பார்த்தேன். கைத்திரையை மாற்றிப் பார்த்தேன். வரியை இரண்டே சொல்லாகச் சுருக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்பது வகுப்பில் படித்தது, அப்படியேதான் செய்தேன். ஆனாலும் எங்கோ நான்தான் தப்பு செய்கிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பகலில் கடல்நீர் வடிப்பு நிலையத்தில் வால்வுகளைச் சரிபார்க்கும்போதும் மனம் அந்தச் சாம்பல் குறியிலேயே இருந்தது.

மாலை வகுப்பில், தாளைத் தானாக இயக்கும் குறுநிரல்களைச் சொல்லிக்கொடுப்பவர் நசீமா மிஸ். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். மாணவர்கள் எல்லோரும் வீட்டில் ஒரு தாளைப் பராமரிக்கிறவர்கள். அன்று என் முறை வருவதற்கு முன்பு, பஸ் கண்டக்டர் சுடலைமணியின் பிரச்சினை பேசப்பட்டது. அவர் தன் அம்மாவின் தாளில் கணவர் பெயர் இருந்த கட்டத்தை ஒரு வரி கீழே நகலெடுத்து ஒட்டியிருக்கிறார். அந்தக் கட்டத்தில் இருந்தது பெயர் அல்ல, வேறொரு கட்டத்தைச் சுட்டும் சூத்திரம். ஒட்டிய இடம் ஒரு வரி இறங்கியதால் அது சுட்டிய இடமும் ஒரு வரி இறங்கிவிட்டது.

"கீழ்வீட்டுத் தாமஸ் பேரு வந்துட்டு மிஸ்" என்றார் சுடலைமணி. "காலைல எங்கம்மா அவரு வீட்டுக் கதவத் தட்டி, ராத்திரி ஏன் வீட்டுக்கு வரலன்னு ஒரே சண்ட. தாமஸ் பொஞ்சாதி இப்ப எங்ககிட்ட பேசுறதில்ல."

வகுப்பே சிரித்தது. நசீமா மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆளையும் உறவையும் மதிப்பாக, அதாவது எழுதிய சொல்லாகவே ஒட்ட வேண்டும், சூத்திரமாக ஒட்டக் கூடாது என்று பலகையில் எழுதினார். மதிப்பு வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும், சூத்திரம் நகரும் என்றார். அதையும் குறித்துக்கொண்டேன். எனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அப்போது நினைத்தேன்.

என் கதையைக் கேட்டுவிட்டு மிஸ் நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். "மத்த கட்டத்துல ஒட்டுதுல்ல?"

ஒட்டுகிறது என்றேன்.

"அப்ப உன் விரல விட்டுரு, பாவம் அது என்ன செய்யும். எறும்பு எப்ப மறையுதுன்னு பாத்தியா? ஒட்டும்போதா, அதுக்கு முன்னாடியா?"

நான் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தையும் சுவரையுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலேயே உட்கார்ந்தேன். இந்த முறை கைத்திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் தாளின் மேல்வரிகளைப் பார்த்தான், எறும்பு ஓடியது. பக்கத்துக் கட்டங்களைப் பார்த்தான், ஓடியது. ரெஜினாவின் கட்டத்தில் அவன் பார்வை பட்டதும் நின்றது. அவன் கண்ணை மூடவில்லை, நான் எதையும் தொடவில்லை. பார்த்ததற்கே கிளிப்போர்டு காலியாகிவிட்டது.

அன்று மாலை மிஸ்ஸிடம் ஓடினேன். அவர் தலையாட்டினார். அந்தக் கட்டத்தில் ஒரு நிகழ்வு நிரல் உட்கார்ந்திருக்கிறது என்றார். யாரும் ஓட்டாமல், பார்வை பட்டதும் தானாக ஓடும் குறுநிரல். அது தாளில் ஏதாவது எழுதும். ஒரு குறுநிரல் தாளில் எழுதினால், கையில் பிடித்திருக்கும் நகல் கீழே விழுந்துவிடும். விரிதாள் பிறந்த காலத்திலிருந்து இருக்கும் வியாதி அது. நூறு வருடமாக யாரும் முழுசாகக் குணப்படுத்தவில்லை என்றார். அண்ணனின் தாளைத் தொலைவிலிருந்து திறந்து தேடினோம். இருந்தது. சின்ன நிரல்தான்.

இந்தக் கட்டத்தைப் பார்த்ததும் ஓடு. கொக்கியில் 'வேலைக்குப் போயிருக்கா, சாயங்காலம் வருவா' என்பதை மாட்டு. கட்டத்தில் இறக்கு. முடி.

"இருந்ததையே திரும்பத் திரும்ப எழுதுது" என்றார் மிஸ். "வேற யாரும் இங்க எதையும் வச்சிறக் கூடாதுன்னு காவலுக்குப் போட்டுருக்காங்க. கெட்டிக்காரத்தனம்தான்."

சரிசெய்ய ஒரு வரி போதும்: கிளிப்போர்டில் ஏதாவது இருந்தால் ஒன்றும் செய்யாமல் வெளியேறு. ஆனால் ஒரு நிரலைத் திருத்த அதை எழுதியவரின் பார்வை வேண்டும். நேரடியாக எழுதும் உரிமை இருந்தவர்கள் இருவர். காய்ச்சலுக்குப் பிறகு அண்ணன் நிரல் எழுதி நான் பார்த்ததில்லை. மைனிதான் எழுதியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். கோபமாகக்கூட இருந்தது. போகிறவள் போகலாம், இப்படி ஒரு பொய்யைக் காவலுக்கு வைத்துவிட்டா போவது?

மைனியை அழைத்தேன்; உடனே எடுத்தாள். பின்னால் மழைச் சத்தம் கேட்டது. முதலில் அண்ணனைப் பற்றி, "அவிய நல்லா சாப்புடுறாவளா?" என்றாள். பிறகு நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டாள். நிரலை வாசித்துக் காட்டினேன்.

"அத நான் எழுதல ஜெனோ."

எனக்குப் புரியவில்லை. வேறு யார் எழுதியிருக்க முடியும் என்று கேட்டேன்.

"போறேன்னு சொன்ன அன்னைக்கு அவிய தடுக்கல. கொஞ்ச நேரம் இரு, ஒரு வேல இருக்குன்னு சுவரப் பாத்து உக்காந்துட்டாவ. எழுதி முடிச்சிட்டு, இனிமே உனக்குக் கஷ்டமில்ல, நாளைக்கு நான் உன்னத் தேடி வரமாட்டேன்னாவ. எனக்கு அப்ப வெளங்கல. நான் கெட்டவ இல்ல ஜெனோ. தினமும் காலைல நான் யாருன்னு அவியளுக்குத் தெரியும். முந்தின நாள் சண்டை தெரியாது, சமாதானமும் தெரியாது. அந்த வீட்டுல நான் மட்டும் தனியா வயசாயிக்கிட்டே இருந்தேன்."

பேசி முடித்த பிறகு நிரலை மறுபடி பார்த்தேன். கொக்கி. மாட்டு. இறக்கு. கிளிப்போர்டுக்கு மைனி கொக்கி என்று ஏன் பெயர் வைக்கப்போகிறாள்? கிரேன்காரன் வைத்த பெயர் அது. முதல் பார்வையிலேயே தெரிந்திருக்க வேண்டும். துறைமுகத்தில் சரக்கு வரிசையை ஓட்டியதும் இதே குறுநிரல்கள்தான். காய்ச்சலுக்கு முந்தைய கை மறக்கவில்லை.

இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. தெரிந்தே ஒருவன் தனக்குத் தெரியக் கூடாது என்று பூட்டியதை நான் திறக்கலாமா? திறக்காவிட்டால் மாதக் கடைசியில் தண்ணீர். இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தேன். கடைசியில், பூட்டியவனிடமே கேட்பது என்று முடிவெடுத்தேன். அதுவும் சரியான முடிவா என்று இன்றுவரை சந்தேகம்தான்.

மறுநாள் காலையில், முன்னுரை எதுவுமில்லாமல் நிரலைச் சுவரில் விரித்துக் காட்டினேன். அண்ணன் டீயை வைத்துவிட்டு அருகில் போய்ப் படித்தான். தொழில்காரன் படிப்பதுபோல் படித்தான். ரெஜினாவைப் பற்றிய வாசகத்தை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை.

"எந்தப் பய எழுதுனான் இத?" என்றான். "கொக்கில சுமை தொங்குதா இல்லையான்னு பாக்காமலே அடுத்தத மாட்டுறான். தொங்குறது கீழ விழுந்துருமே. ஆளக் கொன்னுருவான்."

"சரி செய்யலாமாண்ணே?"

"ஒரே வரி, பிள்ள." கொக்கியில் ஏதாவது தொங்கினால் எதையும் செய்யாதே என்று அவனே சொல்லச் சொல்ல நிரலில் ஏறியது. கண்ணை மூடித் திறந்தான். பூட்டு எந்தத் தடையும் சொல்லாமல் விலகியது. அதை அவன் கவனித்தான். வேறு யாருடைய பார்வைக்கும் அது விலகாது என்பது அவனுக்குத் தெரியும். சுவரைப் பார்த்தபடியே நின்றான்.

"இது நான் எழுதுனதா?"

ஆமாம் என்றேன். பிறகு என் வரியை நகலெடுத்தேன். எறும்பு ஓடியது. அண்ணன் ரெஜினாவின் கட்டத்தைப் பார்த்தான். எறும்பு ஓடிக்கொண்டே இருந்தது. நான் எழுதியிருந்தது கட்டத்தின் ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தது. இத்தனை நாள் எதற்காகப் பாடுபட்டேனோ அது நடந்தபோது, அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கைத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பத் தெரிஞ்சுதான் எழுதிருக்கேன்" என்று மெல்லச் சொன்னான். வாசல் படியில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது. பிறகு, அவள் எங்கே இருக்கிறாள், சுகமாக இருக்கிறாளா என்று கேட்டான். வால்பாறையில் சுகமாக இருக்கிறாள் என்றேன்.

"உனக்கு எழுதத் தெரியலட்டி. இப்படியா எழுதுவ? மாத்து." அவன் சொல்ல நான் எழுதினேன்: 'ரெஜினா வால்பாறையில் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். காத்திருக்க வேண்டாம்.' அவள் கிளம்பிப்போன தேதியையும் முன்னால் போடச் சொன்னான். மறுபடி நகலெடுத்தேன். படித்தான். கண்ணை மூடினான். திறக்கத் தாமதமாயிற்று. திறந்தபோது ஒட்டியிருந்தது. அடுத்த பார்வையில் பழைய வாசகம் திரும்ப ஏறிவிடாமலிருக்க, அந்த நிரலையும் கையோடு அவனே அழித்தான். சாயங்காலம் தானே மூட்டை கட்டினான், காலையில் பிரிக்கவில்லை. அந்த வாரமே ஏற்றுப்பெட்டியைக் கழற்றி மேட்டுக் குடியிருப்புச் சுவரில் மாட்டினோம்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

புதிய வீட்டில் ஒவ்வொரு காலையும் அவன் எழுந்து உட்கார்ந்து அந்தக் கட்டத்தைப் பார்ப்பான். ஒவ்வொரு காலையும் அது அவனுக்கு முதல் காலை. தேதி எழுதியிருந்தது; ஆனால் இன்று என்ன தேதி என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? "போயிட்டாளா?" என்று என்னிடம் கேட்பான். அரைநாள் பாயைவிட்டு எழுந்திருக்க மாட்டான். முன்பு சாயங்காலம் மட்டும் வாசலில் நின்றவன், இப்போது காலையிலேயே உடைந்துபோகிறான். நான் உதவி செய்தேனா, அவன் போட்ட காவலைப் பிடுங்கி எறிந்தேனா என்று எனக்குப் புரியவில்லை. பழைய வாசகத்தையே திரும்ப ஒட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். தண்ணீர்தான் இனி வராதே.

வகுப்பில் நசீமா மிஸ்ஸிடம் சொன்னேன். "தாள் சரியா இருக்கு ஜெனோ. மத்தது எனக்குத் தெரியாது" என்றார். பின்வரிசையில் சுடலைமணி, தாமஸ் வீட்டம்மா இப்போது பேசத் தொடங்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாள் ஆக ஆகச் சரியாகிவிடும் என்றார். எனக்கு அங்கே ஏதோ உறைத்தது. நாள் ஆவது என்பது அண்ணனின் தாளில் எங்கேயும் இல்லை. நாங்கள் ஒட்டியது மதிப்பு. அது வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும்.

ரெஜினாவின் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சூத்திரத்தை ஒட்ட வேண்டும் என்றேன். இன்றைய தேதியிலிருந்து அவள் போன தேதியைக் கழிக்கும் சூத்திரம். ஆள் விஷயத்தில் சூத்திரம் வேண்டாம், அது நகரும் என்று மிஸ் எச்சரித்தார். நகரத்தான் வேண்டும் என்றேன். அப்படியானால் சூத்திரம் சுட்டும் கட்டத்தை மட்டும் அசையாமல் பூட்டிக்கொள்ளச் சொன்னார். இல்லாவிட்டால் உன் அண்ணனும் தாமஸ் வீட்டுக் கதவைத் தட்டுவார் என்றார்.

அன்று மாலை அண்ணன் அதைப் படித்தான். எதற்கு இந்தக் கணக்கு என்று கேட்டான். இருக்கட்டுமே என்றேன். கண்ணை மூடித் திறந்தான்.

மறுநாள் காலையில் அவன் எழுந்து உட்கார்ந்ததும் நான் அடுப்படியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டத்தைப் படித்தான். தோள் தாழ்ந்தது. பிறகு பார்வை பக்கத்துக் கட்டத்துக்குப் போனது. அந்த எண்ணில் வெகுநேரம் நின்றது.

"இம்புட்டு நாளாயிட்டா?" என்றான்.

ஆமாம் என்றேன்.

"அப்ப எனக்கு இந்நேரம் பழகிருக்கணுமே."

வாய் முந்திக்கொண்டது. "பழகிட்டுண்ணே. நேத்தெல்லாம் நல்லாத்தான் இருந்த."

அது உண்மையா என்று அவன் சுவரைப் பார்ப்பான் என்று காத்திருந்தேன். சுவரில் அப்படி எதுவும் இல்லை. நேற்று அவன் நன்றாக இருக்கவில்லை. அவன் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து, பழகிய ஆளைப்போலப் பாயைச் சுருட்டத் தொடங்கினான்.